மெஷின் பொய் சொல்லாது

“டாக்டர், என் வலது கன்னம் மறுபடி வீங்கணும். இன்னிக்கே வீங்கினா நல்லது.”

பல் டாக்டரம்மா கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றுவிட்டார். சில நாள் முன்பு இதே நாற்காலியில் இதே மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பியதும், ‘நீங்க தெய்வம்’ என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இன்று அந்தத் தெய்வத்தின் மேலேயே குறை சொல்ல வந்திருக்கிறார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் ஒருவர், மீசை வளரமாட்டேன் என்கிறதே என்று வேலைக்கும் போகாமல் கண்ணாடி முன் நின்று புலம்பிக்கொண்டிருக்கிறார். இங்கே ஒருவருக்குக் கன்னம் வீங்க வேண்டுமாம். இந்த ஆம்பளைகளுக்கு எது இல்லையோ அதுதான் வேண்டும்.

“எதுக்கு சார் வீங்கணும்?”

“ஆபீஸ்ல முகத்தைப் பார்த்து வருகை போடற மெஷின் வெச்சிருக்காங்க. அதுல என் முகத்தைப் பதிஞ்ச அன்னிக்குப் பல்வலி. கன்னம் பன்னு மாதிரி இருந்துச்சு. நீங்க பல்லைப் பிடுங்கினீங்க, வீக்கம் வத்திப் போச்சு. இப்ப என்னைப் பார்த்து, ‘நபர் பொருந்தவில்லை’ங்குது.”

இந்த மெஷின் ஊர் முழுக்க எத்தனை பேரைப் பாடாய்ப் படுத்துகிறதோ என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

“புதுசா ஒரு தடவை பதிஞ்சுக்க வேண்டியதுதானே?”

“பதியலாம். ஆனா அதுக்கு முன்னாடி, நான் நான்தான்னு மெஷின்கிட்ட நிரூபிக்கணும். நிரூபிக்கறதுக்குப் பழைய முகத்தைக் காட்டணும்.”

நல்ல ஏற்பாடு. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதற்கும் இப்போது பெரிய படிப்பு படிக்க வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். அவருடைய கிளினிக் கம்ப்யூட்டர், நோயாளிக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தால்தான் பெயரையே ஏற்றுக்கொள்ளும். எல்லாப் பல்லும் நன்றாக இருப்பவன் இங்கே எதற்கு வரப்போகிறான் என்று அதைச் செய்த மகானுக்குத் தோன்றவில்லை. இப்போதும் அது இவருடைய எக்ஸ்ரேயைத் தேடுகிறேன் பேர்வழி என்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“மெஷின் வித்த கம்பெனிக்குப் போன் பண்ணினீங்களா?”

“என் அழைப்பு அவங்களுக்கு ரொம்ப முக்கியமாம். அதைச் சொல்லிச் சொல்லியே பாட்டுப் போட்டாங்க. பாட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.”

“கன்னத்துக்குள்ள பஞ்சை அடக்கிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன், ஏமாறலை. கடைசியில என் பொண்டாட்டியை ஓங்கி ஒண்ணு வைக்கச் சொன்னேன். அவளும் ரொம்ப நாளாக் காத்திருந்த மாதிரி வெச்சா. அவசரத்துல இடது கன்னத்துல வெச்சுட்டா.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்.

“சிரிக்காதீங்க டாக்டர், வேலையே போகப் போகுது. தினம் காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் அங்கதான் குப்பை கொட்டறேன். ஆனா மெஷின் கணக்குல இந்த வாரம் பூரா நான் வரவே இல்லை. நாளைக்கு முதலாளி வர்றார். அவர் கணக்கைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார்.”

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நிற்பவரின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“கையெழுத்துப் போட்டு வருகை குடுக்கலாமே?”

“அதை ரத்து பண்ணியாச்சு.”

“எந்தப் புண்ணியவான் பண்ணினது? இந்த மேனேஜர்களே இப்படித்தான் சார். கண்ணு முன்னாடி மனுஷன் முழுசா நிக்கறான், அது தெரியாது. நேரா அந்த ஆள்கிட்ட போய், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளுங்க.”

அவர் வாய் கொப்புளிக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மேனேஜரே நான்தான் டாக்டர்.”

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

“மெஷினை வாங்கினதும் நான்தான். கையெழுத்தை நிறுத்தினதும் நான்தான். மெஷின் வந்த புதுசுல ஸ்டோர்ஸ்ல ஒருத்தர் மீசையை எடுத்துட்டு வந்து நின்னார். அவரைப் பொருந்தலைன்னுடுச்சு. ‘மெஷின் பொய் சொல்லாது. வீட்டுல உக்காந்து மீசையை வளர்த்துட்டு வாங்க, அதுவரைக்கும் சம்பளம் கிடையாது’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி அனுப்பிட்டேன். மனுஷன் கெஞ்சினார், நான் காதுலயே போட்டுக்கலை. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுகிட்டு எனக்கு மட்டும் சலுகை கேக்கறது, சொல்லுங்க.”

டாக்டரம்மா விட்ட இடத்திலிருந்து கையுறையை மாட்டி முடித்தார். மேலே இருந்த விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தார். தட்டில் கிடந்த சின்னக் குறடை ஒதுக்கிவிட்டு, பெரிய குறடைக் கையில் எடுத்தார்.

“வலது கன்னம் வீங்கணும். அவ்வளவுதானே சார்?”

“அவ்வளவுதான் டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நாளைக்குக் காலையில மெஷின் உங்களைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுடும், கவலைப்படாதீங்க. வாயை நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, நன்றியோடு வாயைப் பிளந்தார்.

“அந்த மீசைக்காரர் என் வீட்டுக்காரர் சார்.”