வேலைக்கு என்ன குறி?

“எங்கூட வந்துடுறியாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“ஆமா” என்றாள், சக்கர நாற்காலியில் இருந்த பிளஸ் டீச்சர்.

வாசலில் கார் நின்றது. பெட்டி கட்டியாகிவிட்டது. மகளுடைய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, பேச்சுப் பயிற்சி, தூக்கி உட்காரவைக்க ஆள் என்று எல்லாமே இருந்தன. இந்த வீட்டில் இருந்தது, குனிந்தால் நிமிர்வதற்குள் ஒரு மழைக்காலமே போய்விடுகிற மைனஸ் வாத்தியார் மட்டும்.

“அது ஆமா இல்லடி” என்றார் அவர். “பக்கவாதத்துக்கப்புறம் அவ வாயில அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கு. எதைக் கேட்டாலும் அதுதான் வரும்.”

“பசிக்குதான்னு கேட்டா ஆமாங்கிறாங்க, சாப்பிடறாங்க. தூக்கம் வருதான்னு கேட்டா ஆமாங்கிறாங்க, தூங்கறாங்க. அர்த்தமில்லைன்னு நீங்க மட்டும் எப்படிப்பா சொல்றீங்க?”

அதை அவர் நிரூபிக்காவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் கார் கிளம்பிவிடும்.

அந்தப் பட்டப்பெயர்களை வைத்தது கல்லூரிப் பிள்ளைகள். அவர் வேதியியல் பேராசிரியர், அவள் இயற்பியல். சூடேறிய வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளினால், அது செய்கிற வேலைக்கு மைனஸ் போட வேண்டும் என்பது அவர் கட்சி. கையை விட்டுப் போனது கழித்தல்தானே என்பார். உழைத்தவனுக்கு மைனஸ் போடுகிற அநியாயம் உங்கள் பாடத்தில் மட்டும்தான் உண்டு என்பாள் அவள்.

இரண்டில் எந்தக் குறியைப் போட்டாலும், அதற்கேற்ற சூத்திரத்தில் கடைசி விடை ஒன்றுதான். அது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் சண்டை போட்டார்கள்.

என்ன சண்டை! பறந்த சாக்பீஸைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு மாடியே கட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கிளி முதன்முதலில் பேசியதே “மைனஸ், மைனஸ்” என்றுதான். பிரசவ வலியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவள் தலையைத் தூக்கி, “பிளஸ்தான்!” என்று கத்திவிட்டுத்தான் உள்ளே போனாள். இந்தப் பெண் பிறந்ததே அந்த வாக்குவாதத்தின் நடுவில்.

வாத்தியார் சமையலறைக் கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். காய்கறிக் கணக்கைக் கையாலேயே அழித்தார்.

“அப்பா, கார் நிக்குது. இப்பப் போயா கணக்கு?”

அவர் எழுதினார். ஒரு வாயு ஐநூறு ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு விரிகிறது. விரியும்போது இருநூறு ஜூல் வேலை செய்கிறது. அக ஆற்றல் எவ்வளவு கூடும்?

இருநூறுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டார். சாதாரண மைனஸ் இல்லை, எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மைனஸ். பலகையை அவள் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், வேலைக்கு மைனஸ்தான். ஒத்துக்கிறீங்களா?”

சண்டை என்று வந்துவிட்டால் அவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டால், அவளுடைய ஆமா நிஜமான ஆமா. மகளோடு போய்விடுவாள். ஆமா என்றால் அவள் இங்கேயே இருப்பாள். ஆனால் மைனஸை ஒத்துக்கொண்ட பிறகு இங்கே இருப்பது யார்?

மறுத்துத் தொலையேன், என்று ஒரு கணம் அவர் வேண்டிக்கொண்டார்.

அவள் பலகையைப் பார்த்தாள். ஒரு பக்கம் இறங்கியிருந்த உதடு மெல்ல அசைந்தது.

“ஆமா.”

பெட்டியின் கைப்பிடியில் இருந்த மகளின் கை அப்படியே நின்றது.

“போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்திருப்பாங்க” என்றாள். அவள் குரலே அதை நம்பவில்லை.

அவர் சாக்பீஸை எடுத்து மைனஸின் நடுவே நெட்டாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கை வாழ்நாளில் இழுக்காத கோடு. கோடு கோணிக்கொண்டு போயிற்று.

“அப்ப பிளஸ்தானே, டீச்சர்?”

“ஆமா.”

அதே குரல், அதே முகம்.

மகள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பழையபடி ஜன்னலோரம் வைத்தாள்.

“சரிப்பா. இங்கயே இருக்கட்டும். வரமாட்டேன்னு சொல்லத் தெரியாதவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

காரை அனுப்பிவைக்க வெளியே போனாள்.

ஜெயித்துவிட்டார் மைனஸ் வாத்தியார். ஊரைக் கூட்டிக் கொண்டாட வேண்டிய வெற்றி. அவர் பலகையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

காலையில், மகள் எழுவதற்கு முன், டீச்சருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அவரும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கத் துணியாத கேள்வி.

“என்னைக் கட்டிக்கிட்டு சந்தோஷமாத்தானே இருந்தீங்க, டீச்சர்?”

அவள் பதில் சொன்னாள்.

அதற்கப்புறம், மகள் வந்து பெட்டியை எடுக்கும்வரை, அவர் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார்.