வெற்றிலை மணம்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், ஒரு பல் மருத்துவமனையில் வெள்ளை விளக்கு லஸ்த்ரியின் வாய்க்குள் விழுகிறது. முன்பற்களுக்கு இடையே உள்ள சந்து மூடுவதற்காக டாக்டர் ரெத்னோ போன மாதம் கம்பியில் மாட்டிய ரப்பரை இடுக்கி கவ்வி எடுக்கிறது. அது சுருங்கவில்லை, ஊறிய சேமியாவாகத் தொய்ந்து, மஞ்சள் அழுக்கையும் டெம்பே என்னும் சோயாக் கட்டியின் ஒரு துணுக்கையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ரெத்னோ முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

"பிரஷ்ஷே பண்ணலையாம்மா?"

"கம்பி பிஞ்சிடுமேன்னு தொடவே இல்ல டாக்டர். வெத்தலை மவுத்வாஷ்தான், ஒரு நாளைக்குப் பத்து தடவ கொப்பளிச்சேன்."

அத்தனை கொப்பளிப்பில் ரப்பரின் இழுவை செத்துவிட்டது. சந்து அப்படியே இருக்கிறது.

"அடுத்த வாரம் கல்யாணம். வாய் எப்படி கமகமன்னு இருக்கு, பாருங்க!"

அந்தச் சந்து வழியாகவே ரெத்னோவின் முகத்தில் ஊதிக் காட்டுகிறாள்.