பார்வை இருந்த எட்டு மாதம்

எல்லையில் கண்ணிவெடி வெடித்தபோது ஹவில்தார் தணிகைவேலுக்கு இரண்டு கண்களும் போயின. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் ஊன ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். புதிய சட்டத்தில், மனு பதிவாகும் நாளில்தான் ஊனம் தொடங்குகிறது.

"மார்ச் பன்னண்டுலேர்ந்துதான் உங்களுக்குக் கண்ணு இல்லீங்க," என்றாள் வேலூர் ஓய்வூதிய அலுவலகத்துப் பெண். "அதுக்கு முன்னாடி நல்லாத் தெரிஞ்சிருக்கு. அப்ப ஏன் டியூட்டிக்குத் திரும்பலன்னு கேக்கறாங்க. ஓடிப்போனவர்னு பதிவாயிடுச்சு. மனு ரத்துங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கே?" என்றார் தணிகைவேல்.

"மனுவுக்கு முந்தின சீட்டு எதுவும் செல்லாதுங்க."

மடியில் குழந்தையோடு இருந்த மனைவி கோமளா வெடித்தாள். "இவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியுதுக்கா. பதிவைத் திருத்த என்னால ஆகாது."

தணிகைவேல் கையை நீட்டிக் குழந்தையின் தலையைத் தடவினார். பிறகு கேட்டார்.

"எம் பொண்ணு ஜனவரியில பொறந்தா. அப்ப நான் அவளப் பாத்திருக்கேனா?"

அலுவலகப் பெண் கணினித் திரையைப் பார்த்துத் தயங்கினாள். "பதிவுப்படி பாத்திருக்கீங்க ஐயா."

"அவ யாரு சாடைன்னு அதுல போட்டிருக்கா, பாரும்மா," என்றார் அவர் கெஞ்சலாக.