துரை விட்டுப்போன படகு

முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிய பரமலிங்கம் அதில் ஏறவில்லை.

“இண்டைக்கு நீரே கொண்டுபோம். அக்கரையிலை மூக்கன் நிப்பான்,” என்றார்.

சிவனேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மடியில் சின்னவள், காலடியில் ஆறு வயது பவானி, கையில் சுக்கான். மலை முகட்டில் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நேரத்திலா விளையாட்டு?

“உங்களுக்கென்ன விசரே? ஏறுங்கோ!” என்று கத்தினாள்.

அவர் கழுத்தைத் திருப்பி, டவுனிலிருந்து இறங்கும் ரோட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு தோள் கொடுத்து இன்னொரு தள்ளு. இது பலமான தள்ளு.

“திரும்பிப் பாராதையும். பாயைப் பாரும்.”

மூன்று மாதமாக அவர் ஓதுகிற அதே மந்திரம்.

பரமலிங்கம் மலைநாட்டில் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்து வேலணைக் கடலில் வளர்ந்தவர். சீமைக்குப் போய்விட்ட பழைய வெள்ளைக்காரத் துரை கொட்டகையில் போட்டுவிட்டுப் போன பாய்ப்படகைக் கேட்டு வாங்கி, தார் பூசி, பெக்டரிக்குத் தண்ணீர் தேக்கிய பெரிய குளத்தில் இறக்கினார். ஞாயிறு தோறும் குடும்பமே படகில்தான்.

சிவனேஸ்வரி கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவள். முதல் நாள் படகின் விளிம்பைப் பிடித்த பிடியில் அவள் நகம் ஒடிந்தது. பிறகொரு நாள் படகு கவிழ்ந்து சேலையோடு முங்கி எழுந்தாள்.

அவர் விடவில்லை. பாய்க் கயிற்றை அவள் கையில் திணித்தார்.

ஒரு ஞாயிறு, காற்று நிரம்பிப் படகு சரிந்து பாய்ந்தபோது, தான் வாய்விட்டுச் சிரிப்பதை அவளே கேட்டாள். அதன் பிறகு ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது.

இந்த ஒரு வாரமாகத்தான் அவர் முகம் சரியில்லை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசி. நாட்டில் இனக்கலவரம் தொடங்கிவிட்டது, தமிழ் உத்தியோகத்தர் வீடுகளைத் தேடித் தேடி எரிக்கிறார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தொடுவதில்லை என்று டவுனுக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டதற்கு, “இந்த மலைக்கு ஆர் வரப்போகினம்?” என்று சிரித்துவிட்டு, பாயில் தையல் விட்ட இடத்தைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

இப்போது காற்று பாயை அடித்தது. அவள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். படகு தலையாட்டிவிட்டு நேரானது.

நடுக்குளத்தில் இருக்கும்போது பின்னால் லொறிச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமையில் ஏது லொறி என்று ஒரு கணம் தோன்றியது. தலை தானாகத் திரும்பப் போனது. சுக்கான் பிசகியது. சட்டென்று பாயைப் பார்த்தாள்.

கரை தட்டியபோது அவளுக்குள் ஒரு பெருமை குதித்தது. தனியாக, இரண்டு பிள்ளைகளோடு, இந்தக் காற்றில்! எங்கே அந்த மனிதர், கைதட்டட்டும்.

லயத்து மூக்கன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. வாங்க என்றுகூடச் சொல்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக் கரையில் விட்டான். பாயை இறக்கிச் சுருட்டினான். படகைப் புதருக்குள் இழுத்தான்.

அவன் மனைவி காளியாயி ஒரு பழைய சேலையை நீட்டினாள். கூடவே கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் சாக்கு. பிள்ளைகளுக்கு அளவாக இரண்டு கிழிந்த சட்டைகள்.

“கட்டிக்கங்கம்மா. இனி நீங்க எங்க லயத்து ஆளுதான். ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஐயா வந்து சொல்லிட்டாங்க.”

சிவனேஸ்வரிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது படகை நோக்கி ஓடினாள்.

“விடு மூக்கன். நான் போய் அவரையும் ஏத்திக்கொண்டு வாறன். எனக்கு ஓட்டத் தெரியும்.”

மூக்கன் கயிற்றை விடவில்லை.

“வேணாம்மா. வீடு வெறிச்சுனு கெடந்தா லயம் லயமாத் தேடுவானுங்க. ஐயா அங்க இருந்து, அம்மாவும் புள்ளைங்களும் யாழ்ப்பாணம் போயிட்டாங்கன்னு சொல்லிட்டா, இங்கிட்டு வர மாட்டானுங்க. ஐயாவே யோசிச்சுச் சொன்னதும்மா.”

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அக்கரையில் அவர்கள் வீட்டு வாசலில் லொறி நின்றது. ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பரமலிங்கம் நனைந்த வேட்டியோடு குளத்துக்கு முதுகைக் காட்டி, விருந்தாளிகளை வரவேற்கப் போகிறவர் போல, மேட்டில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்.

பவானியும் பார்த்துவிட்டாள். நுனிக்காலில் எம்பி, கூப்பிட மூச்சை இழுத்தாள்.

தண்ணீருக்கு மேலே குரல் வெகுதூரம் போகும்.

சிவனேஸ்வரி அவளை வாரி அணைத்து வாயைப் பொத்தினாள். அந்தச் சின்ன உதடுகள் அவள் உள்ளங்கைக்குள் “அப்பா” என்று அசைந்தன.