மூணு தடவை அளந்த பிள்ளை

"அந்தப் பிள்ளை என்னமோ தில்லுமுல்லு பண்ணுது, வசந்தா. நல்லாப் பாரு."

சின்னுசாமி மனைவியின் காதைக் கடித்தார். ஆஞ்சியோ முடிந்து, மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் அவருடைய இதயத்து ரத்தக்குழாய் தெரிந்தது.

குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் அடைப்பு. "கண்ணுக்கு எழுபது சதவீதம் மாதிரி இருக்கு. சாஃப்ட்வேர்ல அளந்துட்டு, ஸ்டென்ட் வைக்கணுமான்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போயிருந்தார். அளப்பது டெக்னீஷியன் தனப்பிரியா.

அளந்தாள். அழித்தாள். மறுபடி அளந்தாள்.

"ஒருக்கா அளந்தா பத்தாதா? நெனச்ச எண்ணு வராதப்பத்தான் மறுக்கா அளப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா!" என்றாள் வசந்தாமணி.

இருபது வருஷமாக, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் பாயிண்ட் பார்க்கிறவர் அவர். லாரியில் வரும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கில் எவ்வளவு மாவு என்று தராசில் எடை போட்டு அவர் சொல்வதுதான் பாயிண்ட். பாயிண்டை வைத்துத்தான் விலை.

மூன்றாம் தடவையும் அளந்துவிட்டுத் தனப்பிரியா நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

டாக்டர் வந்தார். "நாற்பத்தஞ்சுதான். ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும்."

வசந்தாமணி கும்பிட்டாள். சின்னுசாமிக்கு மனசு ஆறவில்லை. டாக்டர் நகர்ந்ததும் நேரே தனப்பிரியாவிடம் போய் நின்றார்.

"ஏனம்மிணி, பாக்கி இருபத்தஞ்சை எங்க ஒளிச்சு வெச்சே? வெளிய போயி நான் உழுந்து செத்தா?"

"ஒளிக்கலீங்க. கிளை பிரிஞ்சா குழாய் தானாவே சிறுத்துப் போகும், சொட்டுநீர்ப் பைப்பு மாதிரி. பெரிய குழாயோட ஒப்பிட்டா அதுவும் அடைப்பாத்தான் தெரியும். இந்த சாஃப்ட்வேர் தாய்க்குழாயையும் கிளையையும் தனித்தனியா அளக்கும்."

"அதுக்கு மூணு தடவையா? மொதல்ல எவ்வளவு வந்துச்சு?"

"மூணு தடவையும் நாற்பத்தஞ்சுதானுங்க."

"அப்புறம் எதுக்கு அளந்தே?"

தனப்பிரியா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தம்மம்பட்டி மாதையன் மவளுங்க. போன தையில நீங்க தராசுத் தட்டைச் சுண்டுவிரல்ல தாங்கிக்கிட்டு எங்க கிழங்குக்குப் பாயிண்டைக் குறைச்சப்ப, லாரி மேல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் கோவம் என்னையறியாம உங்க அளவுல ஏறிடக் கூடாதுன்னுதான் மூணு தடவை அளந்தேனுங்க."