நாற்பது நாள் சூப்பு

“இதுக்குப் போய் எவனாவது கோழி அடிப்பானாடா?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த எலோடியா, போர்வையில் ஒட்டியிருந்த பனியைக்கூட உதறவில்லை. நேராக மகனின் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

எவரார்தோ திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் மனைவியின் பூப்போட்ட ஏப்ரன், கையில் அகப்பை. பானையில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. கூடவே கேரட், கொஞ்சம் அரிசி, மேலே ஒரு கொத்துப் புதினா. மிளகாயும் எலுமிச்சையும் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு அவை ஆகாது.

“கதவைச் சாத்துங்கம்மா. ஒபீலியாமேல குளிர்காத்து படக்கூடாது.”

“படக்கூடாதாம்! இந்தச் சியுவாவா மலையில டிசம்பர் குளிரு யாருமேலடா படலை? கூடு நிறையக் கோழி இருந்துச்சு. இப்ப என் கறுப்பி மட்டும் ஒண்டியா நிக்குது. அதையும் அடிக்கப் போறியா?”

“நாளைக்கு.”

“அடப்பாவி! இந்தக் குளிர்லயும் முட்டை போடற கோழிடா அது. உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்தது.”

“கொடுத்துட்டீங்க இல்ல? இப்ப அது என் கோழி.”

தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. இரண்டு பேருக்கும் இறங்கி வரத் தெரியாது.

எலோடியா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மருமகள் தலையையும் காதையும் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சத்தமே இல்லை. எலோடியா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

“நாளைக்கு நம்ம குடும்பத்து முறை. கிறிஸ்துமஸ் ஊர்வலம் பாடிக்கிட்டு நம்ம வாசலுக்கு வரும். வர்றவங்களுக்கெல்லாம் சோளச் சூப்பு ஊத்தணும். ஒரு கூடைச் சோளம் அவிச்சு வெச்சிருக்கேன். ஒவ்வொரு சோள மணிக்கும் மூக்கைக் கிள்ளி எடுக்கணும், அப்பத்தான் பூ மாதிரி விரியும். நான் ஒருத்தி எத்தனை கிள்ளுவேன்? அவளை எழுந்து வரச் சொல்லு.”

“வரமாட்டா. நாற்பது நாள் ஆகலை.”

“எதுக்குடா நாற்பது நாள்? ஊர்ல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

“பெத்தவளுக்கு நாற்பது நாள் படுக்கை, நாற்பது நாள் கோழிச் சூப்பு. நீங்க சொன்னதுதானே? ரெண்டு அக்காவுக்கும் நீங்கதானே வெச்சு ஊத்தினீங்க?”

“அவளுங்க கதை வேற. ஆளுக்கொரு பையனைப் பெத்துக் கையில கொடுத்தாளுங்க.”

அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினான் எவரார்தோ.

“பெத்தது எதுன்னு பார்த்துத்தான் சூப்பு ஊத்துவீங்களா? பத்து மாசம் சுமந்தாளா இல்லையா? வலி வந்துச்சா இல்லையா? பால் சுரந்துச்சா இல்லையா? அப்ப நாற்பது நாளும் அவளுக்கு உண்டு. ஒரு நாள் குறையாது.”

“கடைத்தெருவுல உன்னை எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமா? ஏப்ரன் எவரார்தோ!”

“பேரு நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு இந்த ஏப்ரனோடயே கதவைத் திறக்கறேன். பாட வர்றவங்க அதையும் சேர்த்துப் பாடட்டும்.”

எலோடியாவின் முகம் சிவந்துவிட்டது.

“ரொம்பப் பேசாதே. எனக்கும் தலைச்சன் இப்படித்தான். மூணாம் நாளே எழுப்பி விட்டாங்க. மாவு அரைச்சேன், பனியில தண்ணி சுமந்தேன். ஒருத்தர் ஒரு வாய் சூப்பு கொடுக்கலை. செத்தா போயிட்டேன்?”

“உங்களுக்குப் பண்ணது அநியாயம்மா. அந்த அநியாயம் இந்த வீட்டுல நடக்காது. ஊரே வந்து நின்னாலும் நடக்காது.”

எலோடியாவுக்கு இன்னும் கோபம் வந்தது. என்ன குறை சொல்லலாம் என்று அடுப்பைப் பார்த்தாள்.

“ஊரெல்லாம் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணு போகுது. உனக்கு மட்டும் இவ்வளவு காய்ஞ்ச பலகை எங்கேருந்துடா வந்துச்சு?”

அவன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

“நான் கறுப்பியைத் தூக்கிட்டுப் போறேன்!” என்று கத்திவிட்டுக் கொல்லைக்குப் போனாள் எலோடியா. கோழியைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியபோது, பனியில் கோடாலி கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னும் பிளக்காமல் கிடந்த பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கோழி கக்கத்தில் கத்திக்கொண்டே இருந்தது.

காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்த எவரார்தோ திகைத்துப்போனான். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கழுத்து திருகிய கறுப்பிக்கு இறகு பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குச் சோளச் சூப்பு கிடையாது. ஊர்வலம் வேற வாசல் பார்த்துக்கட்டும்,” என்றாள் தெருவுக்கே கேட்கிற குரலில். “எவன் கேட்டாலும் சொல்லு, என் மருமக பெத்துட்டுப் படுத்திருக்கான்னு!”

பிறந்து ஒரு தரம்கூட அழாத குழந்தைக்காக அவன் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்த தொட்டிலில் மிச்சமிருந்தது ஒரு பலகைதான். அவன் குருவி செதுக்கிய அந்தத் தலைப்பலகையை எரிக்க விடாமல் எலோடியா மடியில் வைத்திருந்தாள்.

“கிண்ணம் ரெண்டா எடுத்து வைடா,” என்றாள். “எனக்கும் அந்த நாற்பது நாள் பாக்கி இருக்கு.”