கரையேறாத ஒன்று

கதவுக்கு வெளியே அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றான்.

உள்ளே அவன் மனைவிக்குப் புண் கட்டுகிறார்கள். பழைய கட்டை நனைத்து, உரித்து, கழுவி, மருந்து வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். வயலில் வாத்து மேய்க்கப் போட்டிருந்த கூடாரத்தில் அடுப்பு வெடித்து, அவளுடைய இடது கை தோள்வரை வெந்துபோயிருந்தது.

கட்டுப் பிரிக்கும்போது அவள் போடும் சத்தம் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும். பொத்திய காதுக்குள்ளும் கேட்கும்.

நேற்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"போதும்யா. வூட்டுக்குக் கூட்டினு போயிடு."

கட்டுவதை நிறுத்தினால் கை மிஞ்சாது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். இன்றைக்கு ஒருமுறை மட்டும் என்று ஒப்புக்கொண்டாள். அதற்கும் ஒரு நிபந்தனை. முதலில் வீட்டுக்குப் போகப் பையைக் கட்ட வேண்டும்.

கட்டிய பை அவன் தோளில் தொங்கியது.

இன்றைக்குப் பார்த்து நர்ஸ் ஜெசிந்தா ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் முகத்தில் மாட்டினாள். உள்ளே பனிமலை தெரியுமாம். கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பனி உருண்டை பறக்குமாம். குறுக்கே வரும் பறவைகளை அடித்து விளையாடலாமாம். மனசு அங்கே போய்விட்டால் வலி குறையுமாம்.

வெந்த கைக்கு விளையாட்டுக் காட்டுகிறார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொத்திப் பொத்தி அவன் கை வலித்தது. காதிலிருந்து எடுத்தான்.

சத்தம் இல்லை.

கதவில் காதை வைத்தான். அப்போதும் இல்லை. கத்தினாலாவது உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும்.

பிறகு கேட்டது.

"வா... வா... வா... வா..."

பொழுது சாயும் நேரத்தில், வயலின் அந்தக் கடைசியிலிருந்து வாத்துகளைப் பட்டிக்கு அழைக்கும் அவள் குரல்.

அவன் கதவைத் தள்ளினான்.

ஜெசிந்தா குனிந்து கட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மனைவியோ வலது கையை நீட்டி, பொத்தானை அழுத்தி அழுத்தி எங்கேயோ எறிந்துகொண்டிருந்தாள். மேசையிலிருந்த சின்னத் திரையில் பனி. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகப் பறவைகள் அசைந்து அசைந்து நடந்தன. உருண்டைகள் எல்லாம் அவற்றுக்குப் பின்னால்தான் விழுந்தன.

"அடிக்கச் சொன்னா ஒண்ணையும் அடிக்க மாட்டேங்கிறாங்க" என்றாள் ஜெசிந்தா, நிமிராமல்.

அவனுக்குப் புரிந்தது. மண்ணாங்கட்டியை வாத்தின் மேல் படாமல் பின்னால் எறிந்துதான் மந்தையைத் திருப்புவார்கள். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒருமுறை அவள் பல்லைக் கடித்தாள். உடல் இறுகியது. அவன் கை தானாகக் காதுக்குப் போனது. அதற்குள் அவள் வேறு பக்கம் திரும்பி, விலகிப்போன ஒன்றைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

புதுக்கட்டு முடிந்தது. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

முகமெல்லாம் வியர்வை. மனைவி தன் கையை ஒருமுறை பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. அணைந்துபோன திரையைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணு தண்ணியிலயே நின்னுச்சே. அது என்னா ஆவும்?"

"எங்கயும் போவாதும்மா. அங்கயேதான் இருக்கும்" என்றாள் ஜெசிந்தா.

அவள் ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே கூப்புடும்மா. பொழுது சாயறதுக்குள்ள ஓட்டிடணும்."

அவன் நேராக அவள் கட்டிலுக்குப் போய், தோளிலிருந்த பையை இறக்கி, மடித்து வைத்த சேலைகளை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தான்.